செல்ஃப் எடுக்காத வண்டி

புனே நகரில் வந்து குடியேறும் தமிழர், மராத்தி பாஷை நாவில் படிவதற்கு முன்பே, இருசக்கர வண்டி ஒன்று இல்லாமல் இவ்வூரில் காலந்தள்ள இயலாது என்பதைக் கண்டுகொள்வர். நாடு முழுவதும் ஓடும் வண்டிகளுள் பலவற்றின் பிறப்பிடமும் இவ்வூரே. 1972இல் இவ்வூரைச் சேர்ந்த கைனடிக் நிறுவனத்தாரின் லூனாவும், பஜாஜ் நிறுவனத்தாரின் சேதக் ஸ்கூட்டரும் வெளிவந்தன. அந்தச் சேதக்கைக் காலை வேளைகளில் ஒரு பக்கமாகச் சாய்த்து நிமிர்த்தி, பின்பு காலால் உதைத்துக் கிளப்பிய தலைமுறையினரை ரஸ்தா பேட்டிலும் கட்கியிலும் உள்ள தமிழ்க் குடும்பங்களில் இன்றும் காணலாம். 1984இல் கைனடிக் ஹோண்டா வந்து, பொத்தானை அழுத்தினால் வண்டி கிளம்பும் என்ற அதிசயத்தை வீட்டுக்கு வீடு காட்டியது. 2001இல் பல்சர் வந்தபின் அந்தப் பொத்தான் மோட்டார் சைக்கிளுக்கும் இயல்பான அங்கமாகத் தொடங்கிற்று. 2007இல் வெளியான பல்சர் 200இல் கிக்கரே கிடையாது. பஜாஜின் சாகண் ஆலையில் உருவாகி 2012இல் விற்பனைக்கு வந்த டியூக் மோட்டார் சைக்கிளிலும் கிடையாது. உதைத்துக் கிளப்பும் மார்க்கம் இவ்வாறு அடைபட்டுப் போனமையால், செல்ஃப் மோட்டார் சௌகரியம் என்ற ஸ்தானத்திலிருந்து அத்தியாவசியம் என்ற ஸ்தானத்துக்கு வந்துவிட்டது. அது ஒத்துழைக்க மறுக்கும் நாளில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போவதைத் தவிர வேறு உபாயம் இல்லை.

இந்த அத்தியாயம் முழுவதும் ஓர் அபிப்பிராயத்தை ஆதாரமாகக் கொண்டது. அதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். செல்ஃப் எடுக்காத வண்டிகளில் மோட்டாரே குற்றவாளியாக இருப்பது குறைவு. பாட்டரியோ, ரிலேயோ, கறுத்துப்போன ஓர் எர்த் முனையோதான் பெரும்பாலும் காரணம். அந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமானால், வண்டி சும்மா நிற்கும்போது அளந்து பிரயோஜனமில்லை. பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கும் அந்தச் சில வினாடிகளுக்குள் அளக்கவேண்டும். பொத்தானை ஒரு முறை அழுத்திக் கேட்டவுடனே, "காகா, மோட்டார் போய்விட்டது, புதிது போட்டுவிடலாம்" என்று தீர்ப்புக் கூறும் மெக்கானிக்குகள் எல்லா ஊர்களிலும் இருப்பதுபோல் இவ்வூரிலும் இருக்கிறார்கள். அவர்கள் யாவரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பத்து நிமிஷம் நின்று அளப்பதைவிட மோட்டாரை மாற்றுவது அவர்களுக்குச் சுலபம், அவ்வளவே. புது மோட்டார் பூட்டும்போது பழைய முனைகளைக் கழற்றித் துடைத்து மறுபடி முடுக்குகிறார்களல்லவா, உண்மையில் குணம் அதனால்தான் ஏற்பட்டது என்பதை வண்டிக்காரர் அறிவதே இல்லை.

மோட்டாரின் சுபாவத்தைப் புரிந்துகொள்ளச் சற்றே பின்னோக்கிச் செல்லவேண்டும். என்ஜினை மின்சாரத்தால் கிளப்பலாம் என்ற யோசனை தோன்றியபோது, அதற்கு வேண்டிய மோட்டார் வண்டியில் ஏற்ற முடியாத அளவு பெரிதாக இருக்கவேண்டும் என்றே எண்ணினார்கள். கடைகளின் கல்லாப்பெட்டி யந்திரத்துக்குச் சிறு மோட்டார் அமைத்துப் பழகியிருந்த சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கர், 1911இல் காடிலாக் நிறுவனத்துக்காக இந்தச் சிக்கலை அவிழ்த்தார். மறு ஆண்டுக் காடிலாக் கார்களில் அவருடைய சாதனம் இடம்பெற்றது. அவர் கண்ட சூட்சுமம் இதுதான்: நாள் முழுவதும் சுழலவேண்டிய மோட்டார் வேறு, சில வினாடிகள் மட்டும் சுழன்று ஓயவேண்டிய மோட்டார் வேறு, பின்னதற்குள் அதன் தகுதிக்கு மீறிய மின்சாரத்தைச் செலுத்தினாலும், அது சூடேறிக் கெடுமுன் வேலை முடிந்துவிடும். நம் வண்டியின் அடியில் உள்ள, உள்ளங்கையில் அடங்கும் அந்த உருளையும் இதே தத்துவத்தில்தான் வாழ்கிறது. ஆகவே பொத்தானை ஒரே மூச்சில் ஐந்து வினாடிக்கு மேல் அழுத்தக்கூடாது. என்ஜின் பிடிக்காவிட்டால் அரை நிமிஷமாவது ஓய்வு கொடுத்துப் பிறகே மறுபடி முயலவேண்டும். கோபத்தில் கட்டைவிரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்தவர்களால் சுருள் கருகிய ஆர்மேச்சர்கள் அநேகம்.

மின்சாரம் செல்லும் பாதை இரண்டு. ஒன்று மெல்லிய பாதை: பாட்டரியிலிருந்து ஃபியூஸ், சாவி, சிவப்பு நிற நிறுத்தும் சுவிட்ச், கிளட்ச் அல்லது நியூட்ரல் சுவிட்ச், சில வண்டிகளில் சைடு ஸ்டாண்டு சுவிட்ச், பிறகு செல்ஃப் பொத்தான் என்று சுற்றி வந்து ரிலேயின் சுருளை எழுப்புவது. இதில் ஓடும் மின்சாரம் சில ஆம்பியர்தான். மற்றொன்று கனத்த பாதை: பாட்டரியின் பாஸிட்டிவ் முனையிலிருந்து தடித்த கேபிள் வழியே ரிலேக்கும், அங்கிருந்து மோட்டாருக்கும், மோட்டாரின் உடல் வழியே என்ஜினுக்கும், என்ஜினிலிருந்து எர்த் கேபிள் வழியே பாட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் செல்வது. நூற்றைம்பது சி.சி. வண்டியில் இந்தக் கனத்த பாதையில் ஐம்பது ஆம்பியர் அளவில் மின்சாரம் பாயும். முதல் அசைவின்போது அதற்கும் மேலே போகும். பன்னிரண்டு வோல்ட்டால் பெருக்கினால் அறுநூறு வாட். தலைவிளக்கைப் போலப் பத்து விளக்குகளை ஒருங்கே எரிப்பதற்குச் சமானம்.

இந்தப் பெரிய எண்ணில்தான் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஒரு முனையில் துரு ஏறி, ஓர் ஓமில் இருபதில் ஒரு பங்கு, அதாவது 0.05 ஓம் தடை ஏற்பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். விளக்குக்கு அந்தத் தடை ஒரு பொருட்டே அல்ல. ஐந்து ஆம்பியர் அதன் வழியே போனால் கால் வோல்ட்தான் குறையும், வெளிச்சத்தில் வேற்றுமை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஐம்பது ஆம்பியர் அதே முனை வழியே பாய முயன்றால் இரண்டரை வோல்ட் அங்கேயே சூடாகிப் போய்விடும். மோட்டாருக்கு மிஞ்சுவது ஏழு, எட்டு வோல்ட். நாலு பேர் நுழைவதற்குப் போதுமான திட்டிவாசல் திருவிழாக் கூட்டத்துக்குப் போதாது. "ஹாரன் அடிக்கிறது, விளக்கு எரிகிறது, ஆகவே பாட்டரியிலும் கம்பியிலும் குற்றமில்லை" என்று பலரும் செய்யும் வாதம் பிசகுவது இங்கேதான். மல்டிமீட்டரில் ஓம் அளவையை வைத்துக்கொண்டு கேபிளைத் தொட்டு, அது கூவுகிறதே என்று திருப்தி அடைவதும் இதைப் போன்ற தவறே, 0.05 ஓமைப் பிரித்துக் காட்டும் நுட்பம் சாதாரண மீட்டருக்கு இல்லை, அதன் சொந்தக் கம்பிகளின் தடையே அதைவிட அதிகம். மீட்டரை வோல்ட் அளவையில் வைத்துக்கொண்டு, பொத்தானை அழுத்தும்போது எந்த இடத்தில் வோல்ட் தொலைகிறது என்று பார்ப்பதொன்றே ராஜபாட்டை.

அளக்கத் தொடங்குமுன் காதைத் தீட்டிக்கொள்ளவேண்டும். பொத்தானை அழுத்தினால் யாதொரு சப்தமும் இல்லையென்றால் மெல்லிய பாதையில் எங்கோ தொடர்பு அறுந்திருக்கிறது. 'டக்' என்று ஒரே ஒரு சப்தம் வந்து அத்துடன் நின்றுவிட்டால் ரிலே எழுந்துவிட்டது, கனத்த பாதையில் தடை இருக்கிறது, அல்லது மோட்டார் இறுகிவிட்டது. 'டக டக டக' என்று விடாமல் துடித்தால் ஏறக்குறைய நிச்சயமாகப் பாட்டரிதான்: ரிலே எழுகிறது, மோட்டார் இழுக்கிறது, வோல்ட் விழுகிறது, ரிலே உறங்குகிறது, வோல்ட் மீள்கிறது, மறுபடியும் எழுகிறது. மோட்டார் மட்டும் 'விர்ர்' என்று வேகமாகச் சுழன்று என்ஜின் அசையவில்லையென்றால் குற்றம் மின்சாரத்தில் இல்லை. அதைப் பின்னால் பார்ப்போம். பொத்தானை விட்டபிறகும் மோட்டார் நில்லாமல் சுழன்றுகொண்டே இருந்தால், ரிலேயின் உள்ளே தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டுவிட்டன. சாவியைத் திருப்பிப் பயனில்லை, தாமதமின்றிப் பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றவேண்டும்.

முதல் பரீக்ஷை பாட்டரிக்கே. இரவு முழுவதும் ஓய்ந்திருந்த பாட்டரியில் 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் இருந்தால் நிறைவாக இருக்கிறது, 12.4 என்றால் முக்கால் பங்கு; 12.0 என்றால் அநேகமாக வெறுமை. ஆனால் இந்த எண்களை நம்பி அடுத்த படிக்குப் போய்விடக்கூடாது. மீட்டரின் இரு முனைகளையும் பாட்டரி முனைகளிலேயே வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தவேண்டும். பத்து வோல்ட்டுக்கு மேலேயே நின்றால் உத்தமம், 9.6க்குக் கீழே சரிந்தால், முழுதாகச் சார்ஜ் செய்து மறுபடி பரிசோதித்து, அப்போதும் சரிந்தால் பாட்டரிக்கு விடைகொடுத்துவிடலாம். வயதான பாட்டரி கெடுவது மின்சாரத்தின் கொள்ளளவு குறைவதால் மட்டுமல்ல. உள்ளிருப்பதை ஒரே வீச்சில் வழங்கும் ஆற்றல் குன்றுவதாலும்தான். கணக்குப் பார்த்தால் இது விளங்கும். ஐம்பது ஆம்பியர் வீதம் மூன்று வினாடி செல்ஃப் எடுத்தால் செலவாவது 150 ஆம்பியர்-வினாடி. எட்டு ஆம்பியர்-மணிப் பாட்டரியில் இருப்பதோ 28,800. இருநூறில் ஒரு பங்குக்கு அருகில்தான் ஒரு தடவைக்கான செலவு. ஆகவே நாள்தோறும் செல்ஃப் எடுப்பதால் பாட்டரி தீர்ந்துவிடும் என்று அஞ்சி, கிக்கர் உள்ள வண்டிக்காரர்கள் உதைத்து உதைத்து முழங்காலைக் கெடுத்துக்கொள்வது அநாவசியம். பாட்டரியைத் தின்பது வேறு: வாரக்கணக்கில் எடுக்காமல் நிறுத்துவது, திருட்டைத் தடுக்கப் பூட்டிய அலாரக் கருவி, ரஸ்தா பேட்டிலிருந்து கேம்ப் பகுதிவரை ஊர்ந்து போய் ஊர்ந்தே திரும்புவதுபோன்ற குறுகிய பிரயாணங்கள். டிசம்பர், ஜனவரி மாதங்களில் புனேயின் காலை வேளை பத்து டிகிரியை ஒட்டி இறங்கும்போது, பாட்டரியின் வீரியமும் குன்றி, என்ஜின் எண்ணெயும் தடிப்பதால், மழைக்காலம் முழுவதும் மறைந்துகிடந்த பலவீனம் அப்போது வெளிப்படும்.

பாட்டரி முனைகளில் வெண்மையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், நெகட்டிவ் கேபிளை முதலிலும் பாஸிட்டிவ் கேபிளைப் பின்னும் கழற்றி, வெந்நீரில் ஆப்ப சோடா கரைத்துத் தேய்த்துக் கழுவி, நன்றாக உலர்த்தி, பாஸிட்டிவை முதலிலும் நெகட்டிவைக் கடைசியிலும் பூட்டி, மேலே சிறிது வாஸலீன் தடவிவிடவேண்டும். இந்த வரிசை வெறும் சம்பிரதாயம் அல்ல. நெகட்டிவ் இணைந்திருக்கும்போது பாஸிட்டிவைக் கழற்றும் ஸ்பானர் தப்பித்தவறி வண்டியின் சட்டத்தில் பட்டால் பெருந்தீப்பொறி எழும். கைவிரல் மோதிரத்தையும் உலோகக் கடிகாரத்தையும் கழற்றி வைத்துவிட்டு வேலையில் இறங்குவது நலம்.

மெல்லிய பாதையைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. ஃபியூஸைப் பார்க்கவேண்டும். நிறுத்தும் சுவிட்ச் 'ஓடு' நிலையில் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்; நன்கு படித்த மனிதர்களும் இதை மறந்து வண்டியை ஆட்டோவில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். நியூட்ரலில் செல்ஃப் எடுத்து, கியரில் கிளட்சைப் பிடித்தும் எடுக்காவிட்டால், கிளட்ச் சுவிட்சே காரணம். அது மழையில் நனைந்து துருப்பிடிக்கும் மிகச் சிறிய உறுப்பு. பொத்தானையே சந்தேகித்தால், ரிலேக்கு வரும் மெல்லிய கம்பிகள் இரண்டுக்கும் குறுக்கே மீட்டரை வைத்து அழுத்திப் பார்க்கலாம்: பன்னிரண்டு வோல்ட்டை ஒட்டி வந்தும் 'டக்' சப்தம் இல்லையென்றால் ரிலேயின் சுருள் அறுந்தது, வோல்ட்டே வரவில்லையென்றால் சுவிட்சுகளில் ஒன்று.

இனிக் கனத்த பாதை. இங்கே நான்கு இடங்களில் அளக்கவேண்டும், எல்லாம் பொத்தானை அழுத்திக்கொண்டே. மீட்டரின் ஒரு முனை பாட்டரியின் பாஸிட்டிவ் கட்டையிலும் மறுமுனை ரிலேயில் அந்தக் கேபிள் வந்து சேரும் ஆணியிலும் முதலாவது. ரிலேயின் இரண்டு தடித்த ஆணிகளுக்குக் குறுக்கே இரண்டாவது. ரிலேயின் வெளியேறும் ஆணிக்கும் மோட்டாரின் ஆணிக்கும் இடையே மூன்றாவது. மோட்டாரின் உடலுக்கும் பாட்டரியின் நெகட்டிவ் கட்டைக்கும் இடையே நான்காவது. ஒவ்வோரிடத்திலும் கால் வோல்ட்டுக்குள் இருந்தால் ஆரோக்கியம். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று எங்கே காட்டுகிறதோ அங்கேதான் வியாதி. ரிலேயின் குறுக்கே காட்டினால் அதன் தொடுமுனைகள் கருகிவிட்டன. திறந்து உப்புத்தாளால் தேய்ப்பவர்கள் உண்டு, சில நாள் ஓடும், ஆயினும் ரிலேயின் விலைக்கு அந்தச் சிரமம் தகாது. நான்காவது இடத்தில் காட்டினால் எர்த் கேபிள் என்ஜினில் பூட்டப்படும் போல்ட்டைக் கழற்றி, அடியில் உள்ள பெயின்ட்டையும் துருவையும் சுரண்டி, பளிச்சென்ற உலோகம் தெரிந்தபின் முடுக்கவேண்டும். என் அனுபவத்தில் மற்ற மூன்று இடங்களையும்விட இந்த நான்காவது இடம்தான் அதிகம் ஏமாற்றுவது. கண்ணுக்குத் தெரியாத மூலையில் இருப்பதால் யாரும் அதைத் தொடுவதில்லை.

ரிலேயின் இரண்டு ஆணிகளையும் ஸ்குரூடிரைவரால் இணைத்து மோட்டாரைச் சுழற்றிப் பார்க்கும் வழக்கம் எங்கும் உண்டு. பலன் தருவதுதான், ஆனால் வண்டி நியூட்ரலில் இருக்கவேண்டும், பெட்ரோல் கசிவோ வாசனையோ அறவே கூடாது, கைப்பிடி ரப்பர் உறையிட்டதாக இருக்கவேண்டும், இரும்பு வேறெங்கும் படக்கூடாது. அதைவிடச் சாந்தமான வழி, தடித்த கேபிள் ஒன்றைப் பாட்டரியின் பாஸிட்டிவிலிருந்து நேரே மோட்டாரின் ஆணிக்குத் தொடுவது. நல்ல பாட்டரியின் நேர் இணைப்பிலும் மோட்டார் முனகினால் அல்லது அசையாதிருந்தால், அப்போதுதான் மோட்டாரைக் கழற்றும் உரிமை நமக்குக் கிடைக்கிறது. அதற்கும் முன், சாவியை நீக்கிவிட்டு, உச்ச கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் உருட்டி, என்ஜின் தடையின்றிச் சுழல்கிறதா என்று பார்த்துவிடவேண்டும். கடக்வாஸ்லா அணையிலிருந்து நீர் திறந்துவிடும் நாட்களில் முட்டா ஆற்றின் பிடே பாலம் மூழ்கும். அந்தத் தண்ணீரில் வண்டியை இறக்கி நிறுத்திவிட்டவர்கள் மறுபடி பொத்தானை அழுத்தவே கூடாது. சிலிண்டருக்குள் புகுந்த நீர் சுருங்காது. செல்ஃப் அதை அழுத்த முயன்றால் இரும்புதான் வளையும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நீரை வெளியேற்றிய பிறகே மற்றவை.

மோட்டார் சுழன்றும் என்ஜின் சுழலாத நிலையைப் பற்றிச் சொல்வதாகக் கூறினேன். மோட்டாருக்கும் என்ஜினுக்கும் நடுவே ஒன்வே கிளட்ச் என்ற உறுப்பு இருக்கிறது. மோட்டார் என்ஜினைச் சுழற்றலாம், என்ஜின் கிளம்பியபின் மோட்டாரைச் சுழற்றக்கூடாது என்ற நியாயத்தை அது காக்கிறது. உள்ளே சிறு உருளைகளும் ஸ்பிரிங்குகளும் உண்டு; அவை தேய்ந்தால் பிடிப்பு விட்டு வழுக்கும். முதலில் எப்போதாவது ஒரு தடவை வழுக்கி, பின்பு பத்துக்கு ஐந்து தடவை வழுக்கி, கடைசியில் முற்றும் கைவிடும். பலவீனமான பாட்டரியோடு போராடி, என்ஜின் பின்னோக்கி உதைக்கும்படி விடுவது இதன் ஆயுளைக் குறைக்கும். இதைச் சரிசெய்ய மாக்னெட் பக்கத்து மூடியைத் திறந்து ரோட்டரை இழுத்தெடுக்கும் கருவி வேண்டியிருப்பதால், வீட்டில் செய்யத்தக்க வேலை அன்று.

இனி மோட்டாரைக் கழற்றுவோம். பாட்டரியின் நெகட்டிவை நீக்கியபின், மோட்டாரின் ஆணியில் உள்ள நட்டை எடுத்துக் கேபிளை விலக்கி, என்ஜினோடு பிணைக்கும் இரண்டு போல்ட்டுகளைக் கழற்றினால், மெல்ல அசைத்து வெளியே இழுத்துவிடலாம். இறுகியிருந்தால் சுத்தியல் எடுக்கவேண்டாம். செத்த மோட்டாரை ஸ்பானரால் தட்டி எழுப்பும் வித்தை தெருவில் பிரசித்தம். மாட்டிக்கொண்ட பிரஷ் அந்த அதிர்ச்சியில் இறங்கி மோட்டார் சுழல்வது உண்மையே. ஆனால் உடலின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் காந்தங்கள் பீங்கானைப்போல் நொறுங்கும் ஜாதி. ஓங்கித் தட்டினால் விரிசல் கண்டு, துண்டு பெயர்ந்து, ஆர்மேச்சரோடு சிக்கி, பழுதுபார்க்கத்தக்க மோட்டாரைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிடும்.

திறக்குமுன் உடலுக்கும் இரண்டு மூடிகளுக்கும் குறுக்கே கூரிய ஆணியால் ஒரு கோடு கீறிவிடவேண்டும். திரும்பப் பூட்டும்போது கோடு நேராக வந்தால் போதும். நீண்ட போல்ட்டுகள் இரண்டை எடுத்ததும் மூடிகள் விலகும். அச்சின் இரு முனைகளிலும் மெல்லிய வாஷர்கள் இருக்கும். எந்தப் பக்கத்தில் எத்தனை, எந்த வரிசையில் என்பதைக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்வது விவேகம். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அச்சு முன்னும் பின்னும் ஆடி, புதுப் பிரஷ்ஷையும் தின்றுவிடும்.

உள்ளே கரிய தூள் நிறைந்திருக்கும். தேய்ந்த கார்பன் பிரஷ் விட்டுச்சென்ற மிச்சம் அது. அந்தத் தூள் மின்சாரத்தைக் கடத்தும் ஆகையால், மிகுதியாகப் படிந்தாலே கசிவு ஏற்படும். மென்மையான தூரிகையால் துடைத்து, மின்முனைகளைச் சுத்தம் செய்யும் ஸ்பிரே அடித்து உலர்த்தவேண்டும். பெட்ரோலில் முக்கி எடுக்கும் பழக்கத்தை நான் ஆதரிப்பதில்லை. மூலையில் தங்கிய ஆவி, முதல் தீப்பொறியில் தன் குணத்தைக் காட்டும். தூளுக்குப் பதில் எண்ணெய்ச் சேறு இருந்தால் அச்சின் ஆயில் சீல் போய்விட்டது. அதை மாற்றாமல் மற்றவற்றை மாற்றுவது வீண்.

பிரஷ்களைப் பாருங்கள். புதிதில் பத்து, பன்னிரண்டு மில்லிமீட்டர் நீளம் இருக்கும். பாதிக்கு வந்துவிட்டால் மாற்றவேண்டும், சரியான எல்லையை அந்தந்த வண்டியின் சர்வீஸ் புத்தகம் சொல்லும். நீளம் இருந்தும் கூட்டுக்குள் சிக்கி இறங்காதவை உண்டு; விரலால் அழுத்தி விட்டால் ஸ்பிரிங் அவற்றைச் சட்டென்று தள்ளவேண்டும். பிரஷ்ஷின் பின்னால் உள்ள செம்புப் பின்னல் கம்பி நிறம் மாறி நீலம் பூத்திருந்தால் மோட்டார் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது. ஸ்பிரிங்கும் தளர்ந்திருக்கும், சேர்த்தே மாற்றுங்கள்.

பிரஷ் உராயும் செம்பு வளையமே கம்யூட்டேட்டர். ஒன்றையொன்று தொடாத செம்புப் பட்டைகள் வட்டமாக அடுக்கப்பட்டிருக்கும். இடையிலுள்ள இடுக்குகளில் காப்புப் பொருள் செம்பைவிட அரை மில்லிமீட்டர் அளவு தாழ்ந்திருக்கவேண்டும். செம்பு தேயத் தேய அந்தப் பள்ளம் மறைந்து, பிரஷ் செம்பை விட்டுக் காப்பின்மேல் ஏறித் துள்ளும். நுண்ணிய உப்புத்தாளை, நானூறாம் எண்ணுக்குக் குறையாததாக, வளையத்தைச் சுற்றி நாடாப்போல் பிடித்து ஆர்மேச்சரைச் சுழற்றிக் கறுப்பை நீக்கலாம். பின்பு உடைந்த ஹாக்ஸா பிளேடின் மெல்லிய துண்டால் ஒவ்வோர் இடுக்கையும் பொறுமையாகச் சுரண்டி, பள்ளத்தை மீட்கலாம். சுமார் அரைமணி நேர வேலை. பார்ப்பதற்கு அற்பமாகத் தோன்றினாலும், சோம்பலாகச் சுழன்ற மோட்டாருக்கு ஜீவன் திரும்புவது அநேகமாக இதனால்தான்.

இங்கேதான் மீட்டரின் ஓம் அளவைக்கு உபயோகம் வருகிறது. பட்டைக்குப் பட்டை தொடர்பு இருக்கவேண்டும். ஏதேனும் ஒன்றில் இல்லையென்றால் சுருள் அறுந்தது. எந்தப் பட்டைக்கும் இரும்பு அச்சுக்கும் தொடர்பு இருக்கவே கூடாது. மோட்டாரின் வெளி ஆணிக்கும் உடலுக்கும், பிரஷ்கள் வளையத்தைத் தொடாத நிலையில், தொடர்பு இருக்கக்கூடாது. இருந்தால் ஆணியைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் காப்பு வாஷர்கள் உருகியிருக்கின்றன. ஆர்மேச்சரின் இரும்பில் பளபளப்பான கீறல்கள் தென்பட்டால், தாங்கும் புஷ் தேய்ந்து, அது காந்தத்தோடு உராய்கிறது என்று அர்த்தம். சுருள் கருகிய ஆர்மேச்சரை மறுபடி சுற்றித் தருவோர் இருக்கிறார்கள்; இவ்வளவு சிறிய மோட்டாருக்கு அது கட்டுபடியாவதில்லை, முழு மோட்டாரையே வாங்குவது மேல்.

உதிரிப்பாகங்களுக்கு நானா பேட் இருக்கிறது. ரஸ்தா பேட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். இருசக்கர வண்டியின் எந்த உறுப்பையும் அங்கே அடுத்தடுத்த கடைகளில் பார்க்கலாம். வண்டியின் பெயரைச் சொல்லிக் கேட்பதோடு நின்றுவிடாமல் பழைய பிரஷ் தட்டையே கையில் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்கவேண்டும். ஒரே பெயருள்ள வண்டிக்கு வெவ்வேறு வருஷங்களில் வெவ்வேறு மோட்டார்கள் பொருத்தப்பட்டிருக்கக் கூடும். மலிவான போலிப் பிரஷ்களில் கார்பன் கடினமாக இருந்து வளையத்தை அரித்துவிடும். பிரஷ் தட்டோடு ஓ-ரிங்குகளையும் ஆயில் சீலையும் கூடவே வாங்கிவிடுங்கள். அவற்றை மிச்சம்பிடித்துப் பெரும் லாபம் கண்டவர் எவருமில்லை.

பூட்டும்போது புதுப் பிரஷ்களை ஸ்பிரிங்கோடு பின்னுக்கு இழுத்து மெல்லிய கம்பியால் நிறுத்திவைத்து, கம்யூட்டேட்டர் உள்ளே நுழைந்தபின் கம்பியை உருவினால் வேலை எளிது. புஷ்களில் ஒரு பொட்டு கிரீஸ் போதும். அதிகமானால் சூட்டில் உருகி வளையத்துக்குப் போய்விடும். ஓ-ரிங்கில் எண்ணெய் தடவுங்கள். என்ஜினில் மாட்டுமுன் மோட்டாரை வைஸில் இறுக்கி, பாட்டரியோடு இணைத்து ஒரு கணம் சுழற்றிப் பாருங்கள். கையில் பிடித்துக்கொண்டு செய்யாதீர்கள், புறப்படும் வேகத்தில் திமிறிக்கொண்டு விரலை நசுக்கும். ஒரே சீராகப் பாடினால் என்ஜினில் பூட்டி, கேபிளை இணைத்து, ஆணியின்மேல் ரப்பர் தொப்பியை மறக்காமல் மூடுங்கள். சிங்ககட், தாம்ஹிணி மலைப் பாதைகளில் மழை நாட்களில் போகிறவர்களுக்கு அந்தத் தொப்பி மிகவும் முக்கியம். வண்டி கழுவும் நிலையத்தில் அழுத்த நீரை மோட்டாரின் மூடிச் சந்தில் நேரே பாய்ச்சவிடாமல் பார்த்துக்கொள்வதும் அதே அளவு முக்கியம்.

வண்டி கிளம்பியதும் கருவிகளைக் கட்டி வைத்துவிடாமல், மீட்டரைப் பாட்டரி முனைகளில் மறுபடி வைத்து, என்ஜினின் வேகத்தை நடுத்தரமாக உயர்த்திப் பாருங்கள். பதினான்கு வோல்ட்டை ஒட்டி நிற்கவேண்டும். பதின்மூன்றைத் தாண்டவில்லையென்றால் பாட்டரிக்கு உணவு சேரவில்லை. பதினைந்தைத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டு, பாட்டரியை வேகவைக்கிறது. இரண்டில் எது நேர்ந்தாலும், அடுத்த வாரம் செல்ஃப் மறுபடி எடுக்காது. அப்போது பழி இப்போது சரிசெய்த மோட்டாரின் தலையில்தான் விழும். சார்ஜிங் பாதையைச் சோதிக்கும் முறை அடுத்த அத்தியாயத்தில் வருகிறது.